தக்காளிப் பாத்தியின் காற்று

தக்காளி இலையை இரண்டு விரல்களுக்கிடையே வைத்துக் கசக்கினால் இரண்டு வாசனைகள் வரும். முதலாவது, புல் வெட்டிய இடத்தில் எழும் பச்சை நெடி. கசக்கிய கணமே வந்து, சற்று நேரத்தில் போய்விடும். இரண்டாவது தக்காளிக்கே உரிய கார நெடி. அது இலையின் நுண்மயிர்களின் நுனியிலுள்ள சுரப்பிகளிலிருந்து வருவது, இலகுவில் போகாது. பக்கக் கிளை கிள்ளி முடித்துக் கை கழுவப் போனால் விரல்களில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பிசின் படிந்திருக்கும், சவர்க்கார நுரையே மஞ்சளாகும். என் மாமி சவர்க்காரத்தைத் தொடுவதில்லை. ஒரு தக்காளிக் காயை நசுக்கி அந்தப் புளிச்சாற்றால் கையைத் தேய்ப்பார். பிசின் கழன்றுவிடும்.

இந்தப் பதிவு முதலாவது வாசனையைப் பற்றியது, அந்தப் பச்சை நெடியைப் பற்றியது. இலையின் கலமென்சவ்வுகளில் கொழுப்பமிலங்கள் இருக்கின்றன. இலை கிழிந்ததும் நொதியங்கள் அந்தக் கொழுப்பமிலங்களை வெட்டி, ஆறு காபன் அணுக்கள் கொண்ட சிறு மூலக்கூறுகளாக்கிவிடும். ஹெக்சனல், ஹெக்சனோல் என்று அவற்றுக்குப் பெயர். இதற்குச் சில விநாடிகள் போதும். ஆடு கடித்தாலும் புழு கடித்தாலும் மாமியின் நகம் கிள்ளினாலும் அவை வெளியேறும். சில மணி நேரம் கழித்து வேறொரு தொகுதி ஆவிகள் வரத் தொடங்கும். அவற்றை இலை புதிதாகத் தயாரிக்க வேண்டும், கடித்தது யார் என்பதைப் பொறுத்து அவற்றின் கலவையும் மாறும். புழுவின் வாயூறு இலையில் பட்டால் ஒரு கலவை, வெறும் கத்தி பட்டால் இன்னொன்று.

இதை எழுத வைத்தது கனடாவிலுள்ள மச்சாள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்ட ஒரு காணொளி. ஒரு செடியைப் புழு கடிக்கிறதாம், அது உடனே பக்கத்துச் செடியை அழைத்து எச்சரிக்கிறதாம், பக்கத்துச் செடி கவசம் பூணுகிறதாம். கடைசியில், செடிகளுக்குள் இருக்கும் ஒற்றுமை மனிதனிடம் இல்லையே என்று ஒரு பெருமூச்சு. பின்னணியில் புல்லாங்குழல். அறிவியல் சொல்லும்போது புல்லாங்குழல் ஒலித்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். குழுவில் ஆளாளுக்குக் கைகூப்பும் பொம்மைகள் போட்டிருந்தார்கள். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவள், திருகோணமலையின் குச்சவெளிப் பக்கத்தில் மணல் நிலத்தில் தக்காளியும் சின்ன வெங்காயமும் செய்பவள் என்ற உரிமையில், நீ என்ன சொல்கிறாய் என்று என்னிடமும் கேட்டார்கள். வட்ஸ்அப்பில் எழுதி முடியாது என்று இங்கே வந்துவிட்டேன்.

காணொளியில் சொன்ன அடிப்படைச் செய்தி பொய்யில்லை. ஒற்றுமைதான் அவர்கள் சேர்த்த சரக்கு. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் வாசனை தெரு முழுக்கப் போகும். பொரிப்பவர் யாருக்கும் சொல்லியனுப்பவில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்றைக்கு அங்கே என்ன கறி என்று தெரிந்துவிடும், பூனையும் வந்து மதிலில் உட்கார்ந்துவிடும். கடிபட்ட இலையிலிருந்து போகும் நெடியும் அந்த வகைதான். பக்கத்துச் செடிக்குத் தெரியும், புழுவைத் தேடும் குளவிக்குத் தெரியும், முட்டையிட இடம் தேடும் அந்துப்பூச்சிக்கும் தெரியும். இந்தப் பட்டியலில் பூனையை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டைப் பற்றி மட்டும் பேசுவதுதான் எனக்குப் பிடிக்காத விடயம்.

கதை 1983இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் டேவிட் ரோட்ஸ் என்பவர் புழுக்கள் மேய்ந்த வில்லோ மரங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். மேயப்பட்ட மரங்களின் இலைகள் புழுக்களுக்கு ஒத்துக்கொள்ளாதவையாக மாறின. அதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. தள்ளி நின்ற, புழுவே ஏறாத மரங்களின் இலைகளும் அப்படி மாறியிருந்ததுதான் ஆச்சரியம். வேர்கள் தொடுக்கப்பட்டிருப்பதற்கான அடையாளம் இல்லாததால் காற்றுவழியாக ஏதோ போகிறது என்றார். அதே ஆண்டில் இயன் போல்ட்வினும் ஜாக் ஷுல்ட்சும் பொப்லர், மேப்பிள் கன்றுகளை மூடிய அறைகளில் வைத்து, சிலவற்றின் இலைகளைக் கிழித்துவிட்டு, அதே காற்றைச் சுவாசித்த கிழிக்கப்படாத கன்றுகளிலும் தற்காப்பு வேதிப்பொருட்கள் கூடுவதைக் காட்டினார்கள். பத்திரிகைகள் 'பேசும் மரங்கள்' என்று கொண்டாடின. உடனே விமர்சனமும் வந்தது. 1985இல் ஃபவ்லர், லோட்டன் என்ற இருவர், ரோட்ஸின் புழுக்கள் மெலிந்ததற்கு ஒரு புழுவிலிருந்து இன்னொரு புழுவுக்குத் தொற்றிய நோய்கூடக் காரணமாக இருக்கலாமே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதன் பிறகு சில ஆண்டுகள் இந்தத் துறையைப் பலர் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவைத் திரும்பத் திறந்தது தக்காளி. 1990இல் எட்வர்ட் ஃபாமரும் கிளாரன்ஸ் ரயனும் மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் தக்காளிச் செடியையும் சேஜ்பிரஷ் என்ற அமெரிக்கப் பாலைநிலப் புதரின் கிளைகளையும் ஒன்றாக வைத்தார்கள். இரண்டும் தொட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் தக்காளி இலையில், புழுவின் குடலில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருட்கள் குவிந்தன. காற்றில் போனது மெதைல் ஜாஸ்மோனேட். மல்லிகை எண்ணெயில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட வாசனைப்பொருள் அது. பிறகு ரிச்சர்ட் கார்பன் கலிபோர்னியாவில் திறந்த வெளியிலேயே சோதித்தார். கத்தரித்துவிட்ட சேஜ்பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் நின்ற காட்டுப் புகையிலையைப் பூச்சிகள் குறைவாகத் தின்றன. காற்றுத் தொடர்பை மறித்துவிட்டால் அந்தப் பலன் காணாமல் போனது.

எனக்கு மிகப் பிடித்த ஆய்வு 2014இல் ஜப்பானிலிருந்து வந்தது. பிடித்ததற்குக் காரணம், அதில் வரும் புழு எனக்கு நன்கு பழக்கம். ஸ்பொடொப்டெரா லிட்டுரா, நாங்கள் வெட்டுப்புழு என்கிறோம். அந்துப்பூச்சி இலையின் அடிப்பக்கத்தில் முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் வயிற்று மயிரை உதிர்த்து அவற்றின்மேல் மூடிவிடும். பார்த்தால் இலையில் ஒரு துண்டு பழுப்புக் கம்பளி ஒட்டியிருப்பதாகத் தோன்றும். பொரித்த குஞ்சுகள் கூட்டமாக நின்று இலையின் சதையை மட்டும் சுரண்டித் தின்னும். இலை வெளிறிச் சல்லடையாகத் தெரிவது அப்போதுதான். அந்த இலையைப் பறித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் முழுக் குடும்பமும் முடிந்தது. இரண்டு நாள் விட்டால் அவை பிரிந்து பாத்தியெல்லாம் பரவும். பெருத்த புழு பகலில் மண்ணுக்குள்ளும் சருகுக்கடியிலும் ஒளிந்திருந்து இரவில் ஏறும். காலையில் வந்து பார்த்தால் தின்றது தெரியும், தின்றவரைக் காண முடியாது. டோர்ச் வெளிச்சத்தில் தேடினால்தான் முதுகில் வரிசையாகக் கறுப்பு முக்கோணங்களுடன் ஐயா அகப்படுவார்.

ஜப்பானியர்கள் செய்தது இதுதான். வெட்டுப்புழு தின்னும் தக்காளிச் செடிகளின் காற்றை, புழு ஏறாத தக்காளிச் செடிகள்மேல் படவிட்டார்கள். பிறகு இந்த இரண்டாம் செடிகளில் வெட்டுப்புழுவை விட்டால் அது சரியாக வளரவில்லை, பல செத்தும் போயின. இலையைப் பிரித்துப் பார்த்தபோது, காற்றிலிருந்து உறிஞ்சிய ஹெக்சனோலோடு செடி சர்க்கரை மூலக்கூறுகளை இணைத்துப் புழுவுக்கு ஆகாத ஒரு புதிய பொருளாகச் சேமித்து வைத்திருந்தது தெரிந்தது. அதுவரை எல்லாரும் நெடியை ஒரு செய்தி என்று நினைத்தார்கள், செடி அதை உணர்ந்து தன் கையிருப்பிலிருந்து ஆயுதம் செய்கிறது என்று நினைத்தார்கள். இங்கே அயலாரின் நெடியே மூலப்பொருள். மேலே சொன்ன பச்சை வாசனை பக்கத்துச் செடிக்குள் போய்ச் சர்க்கரை பூசிய நஞ்சாக உட்கார்ந்துகொள்கிறது. இதைவிட அழகான சிக்கனத்தை நான் படித்ததில்லை.

செடிக்கு மூக்கு எங்கே என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. 2023இல் சைத்தாமா பல்கலைக்கழகத்தில் மசாட்சுகு டொயோட்டாவின் குழு, கல்சியம் கூடினால் ஒளிரும்படி மாற்றிய அரபிடொப்சிஸ் செடிகளை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தது. அது கடுகுக் குடும்பத்துச் சிறு செடி. பக்கத்தில் ஒரு போத்தலுக்குள் வெட்டுப்புழு இலை தின்றுகொண்டிருந்தது. அந்தப் போத்தலின் காற்றை ஊதினால் செடியின் இலைகளில் ஒளி அலையாகப் பரவியது. முதலில் மின்னியவை இலைவாய்கள் என்ற, இலையின் நுண்துளைகளின் இருபுறமும் இருக்கும் காவற்கலங்கள், பிறகு உள்ளே இருக்கும் கலங்கள். இலைவாய்களை மூடிவைத்தால் அந்த மின்னல் மந்தமாகிவிட்டது. உயர்தர வகுப்பில் இலைவாய் என்றால் காபனீரொட்சைட்டு உள்ளே, நீராவி வெளியே என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். அயல்வீட்டுச் செய்தியும் அதே வாசல்வழிதான் வருகிறது.

இனி எங்கள் தோட்டத்துக்கு வருகிறேன்.

காணொளி பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, அப்படியானால் ஒரு செடியைக் கிள்ளிவிட்டால் தோட்டம் முழுக்க எச்சரிக்கை போய்விடாதா என்பது. போகாது. கார்பன் அளந்தபோது சேஜ்பிரஷ்ஷில் பலன் தெரிந்தது 60 சென்ரிமீற்றர் வரைக்கும்தான். மெக்சிக்கோவில் மார்ட்டின் ஹைல் குழு லைமா அவரையில் அளந்ததும் ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர்தான். நாங்கள் தக்காளியை வரிசைக்கு வரிசை 80, செடிக்குச் செடி 50 என்று நடுகிறோம். அந்தக் கணக்கில் ஒரே வரிசையில் அடுத்த செடிக்கு நெடி எட்டினால் பெரிய காரியம், அடுத்த வரிசைக்கு எட்டினால் அதிர்ஷ்டம். ஹைல் இன்னொன்றும் சொல்கிறார், எனக்கு அது மிகவும் சரியாகப் படுகிறது. ஒரு செடியின் எல்லாக் கிளைகளும் உள்ளே நேரடிக் குழாய்த் தொடர்பில் இல்லை. கடிபட்ட இலையின் செய்தி அதே செடியின் அடுத்த கிளைக்குப் போகக் காற்றுவழிதான் குறுக்குவழி. செடி தன்னோடு தானே பேசிக்கொள்கிறது, அயல் செடி ஒட்டுக்கேட்கிறது. மச்சாளின் காணொளியில் வந்த தியாகம் இத்தோடு போயிற்று.

திருகோணமலைக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்று அடித்தால் எங்கள் பக்கத்தில் பாத்தி மணலே பறக்கும், பயிற்றங்கொடி கம்பிலிருந்து கழன்று நிலத்தில் கிடக்கும். அந்தக் காற்றில் எந்த இலையின் நெடி எங்கே தங்கப்போகிறது? தை, மாசி மாத விடியற்காலையில், கடற்காற்று எழும்புமுன் இலைகள் பனியில் நனைந்து அசையாமல் நிற்கும். நெடி தேங்கக்கூடிய நேரம் இருந்தால் அதுதான். பாத்திக்குள் குனிந்தால் அந்த நேரத்தில் தக்காளி வாசனை கழுத்தளவு நிற்கும். புல்மோட்டை வீதியோரத் தோட்டங்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. வாகனப் புகையிலிருந்து வெயிலில் உருவாகும் ஓசோன் இந்த மூலக்கூறுகளைச் சிதைத்துவிடும். பின்லாந்தில் ஜேம்ஸ் பிளாண்டின் குழு லைமா அவரையில் பார்த்தபோது, ஓசோன் கூடிய காற்றில் நெடி பயன்படும் தூரம் 70 சென்ரிமீற்றரிலிருந்து 20 ஆகச் சுருங்கியது. எங்கள் வீதியில் ஓசோன் அவ்வளவு இருக்காது, மண் லொறி ஓடும் நாட்களைத் தவிர என்று வைத்துக்கொள்வோம்.

இதுவரை சொன்னதெல்லாம் செடிக்குச் சாதகமான பக்கம். பூனையின் பக்கம் வெள்ளை ஈ.

பங்குனி பிறந்து வெயில் ஏறினால் எங்கள் தக்காளிக்கு எமன் வெட்டுப்புழு இல்லை, வெள்ளை ஈதான். செடியைத் தட்டினால் மாவு தூவியது போல எழும்பி, மறுபடி அதே இலைகளின் அடியில் போய் உட்காரும். சாறு உறிஞ்சுவதால் வரும் நட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அது காவிவரும் வைரஸைப் பொறுக்க முடியாது. குருத்து இலை மஞ்சளாகி மேல்நோக்கிக் கிண்ணமாகச் சுருண்டுவிட்டால் அந்தச் செடியில் இனிக் காய் இல்லை.

2019இல் சீன ஆய்வாளர்கள் வெள்ளை ஈயை வைத்து ஜப்பானியர் செய்ததையே செய்து பார்த்தார்கள். வெள்ளை ஈ பிடித்த தக்காளியின் காற்றை ஈ இல்லாத தக்காளிக்குக் காட்டினார்கள். பிறகு இந்த இரண்டாம் செடியில் வெள்ளை ஈயை விட்டால் என்ன நடக்க வேண்டும்? காணொளியின்படி கவசம். நடந்தது நேர்மாறு. காற்றை முகர்ந்த செடியில் வெள்ளை ஈயின் குஞ்சுகள் இன்னும் வேகமாக வளர்ந்தன.

காரணம் இது. செடிக்கு இரண்டு பெரிய தற்காப்பு வழிகள் இருக்கின்றன. ஒன்று ஜாஸ்மோனிக் அமிலம் நடத்துவது. மென்று தின்னும் புழுக்களுக்கு எதிராகவும் வெள்ளை ஈக்கு எதிராகவும் பயன்படுவது அதுதான். மற்றது சலிசிலிக் அமிலம் நடத்துவது, பெரும்பாலும் நோய்க்கிருமிகளுக்கானது. ஒன்று ஓங்கினால் மற்றது அடங்கும். வெள்ளை ஈ கடித்த செடி மிர்சின், கரியோஃபிலின் என்ற ஆவிகளை வெளிவிடுகிறது. இரண்டாவது மிளகிலும் கராம்பிலும் இருப்பதுதான். அந்த ஆவிகளை உணர்ந்த அயல் செடி நோய்க்கிருமி வருகிறது என்பது போலச் சலிசிலிக் வழியை ஆயத்தப்படுத்துகிறது. ஜாஸ்மோனிக் வழி அடங்கிப்போகிறது. வெள்ளை ஈ வந்து இறங்கும்போது சரியான கதவு திறந்தே கிடக்கிறது. அயல் செடியின் தற்காப்பையே வெள்ளை ஈ தனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுகிறது. ஒரு செடியில் ஈ தங்கினால், அந்தச் செடி அறியாமலே அடுத்த செடியை ஈக்குத் தயார்செய்து கொடுக்கிறது.

இதைப் படித்த பிறகு எனக்குத் தோட்டத்தில் ஒரு விடயம் மாறிப்போனது. முன்பு நாற்றுமேடையில் ஓரிரு நாற்றில் வெள்ளை ஈ கண்டால் மற்ற நாற்றுகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று எல்லாத் தோட்டக்காரரும் நினைப்பது போலவே நானும் நினைப்பேன். இப்போது அந்த நாற்று அன்றைக்கே ஒரு பொலித்தீன் பைக்குள் போகும், பைவாயைக் கட்டியபின்தான் பிடுங்குவேன், ஈ பறக்காமல். நாற்றுமேடையில்தான் செடிகள் விரல் இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. நெடி முழுமையாக வேலை செய்யக்கூடிய இடம் வயலைவிட அதுதான்.

குருத்தில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அழுக்கணவன் கதையும் உண்டு. 2023இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வொன்றில், அழுக்கணவன் ஏறிய புகையிலைச் செடி மெதைல் சலிசிலேட்டை வெளிவிடுவதையும், அதை உணர்ந்த அயல் செடிகள் அழுக்கணவனைத் தடுப்பதையும் காட்டினார்கள். சுளுக்குத் தைலத்தில் மூக்கைத் துளைக்கும் வாசனை அந்தப் பொருள்தான். இங்கே நெடி செடிக்கு உதவுகிறது. ஆனால் அழுக்கணவன் காவும் வெள்ளரித் தேமல் வைரஸுக்கு இந்த நெடி எழுப்பும் தற்காப்பைக் குலைக்கத் தெரியும். வைரஸ் பிடித்த செடியை அழுக்கணவன் விரும்பும், அழுக்கணவன் வழியாக வைரஸ் பரவும். ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கல்.

புழுக்களும் சும்மா இருப்பதில்லை. நமது காய்துளைக்கும் புழுவுக்கு நெருங்கிய அமெரிக்க உறவான ஹெலிகோவேர்பா சீயா தின்னும்போது அதன் வாயூறிலுள்ள ஒரு நொதியம் தக்காளியின் இலைவாய்களை மூடவைக்கிறது என்று 2021இல் காட்டினார்கள். இலைவாய் மூடினால் ஆவி வெளியேறுவது குறையும். புழு வாயால் தின்றுகொண்டே செடியின் வாயைப் பொத்துகிறது. எதற்காக? பக்கத்துச் செடிக்காக இருக்காது, பக்கத்துச் செடியைப் பற்றிப் புழுவுக்கு என்ன கவலை. குளவிக்காக இருக்கலாம் என்பது என் ஊகம்.

குளவியைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம், ஆனால் இரண்டு வரி சொல்லாமல் விட முடியாது. 1990இல் டெட் டர்லிங்ஸ், ஜிம் டம்லின்சன், ஜோ லூயிஸ் ஆகியோர், புழு தின்னும் சோளச் செடி வெளிவிடும் ஆவிகளைப் பின்தொடர்ந்து ஒட்டுண்ணிக் குளவி புழுவைக் கண்டுபிடிக்கிறது என்று நிறுவினார்கள். எறும்பளவே இருக்கும் அந்தக் குளவி புழுவுக்குள் முட்டையிடும். உள்ளிருந்தே தின்று வளரும் குளவிக் குடம்பி வெளியே வந்து கூடு கட்டும். தோட்டத்தில் அசையாமல் கிடக்கும் ஒரு புழுவின் பக்கத்தில் அரிசிமணியைவிடச் சிறிய வெள்ளைக் கூடு ஒட்டியிருப்பதைக் கண்டால் அதை நசுக்கிவிட வேண்டாம் என்று மாமிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். மருந்துக் கடைகளில் எதைக் கேட்டாலும் எல்லாவற்றையும் கொல்லும் மருந்தைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அதை அடித்தால் முதலில் சாவது குளவி. 2021இல் இரசாயனப் பசளைக்கும் மருந்துக்கும் இறக்குமதித் தடை வந்தபோது எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவள், ஆகவே மருந்தே வேண்டாம் என்று நான் பிரசங்கம் செய்ய மாட்டேன். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று கேட்டு வாங்குங்கள் என்று மட்டும் சொல்வேன்.

அடுத்தது வெங்காயம். இதில்தான் எனக்கும் மாமிக்கும் வாக்குவாதம். மாமி, தன் தாயார் காலத்திலிருந்தே மிளகாய்ப் பாத்தி ஓரத்தில் வெங்காயம் குத்துவார்கள், பூச்சி அண்டாது என்பார். மிளகாய்க்கு அது உண்மையா என்று எனக்கு ஆதாரம் வேண்டும் என்பேன். மாமி அதற்கு, "பிள்ளை, ஆதாரம் தின்ன முடியாது, வெங்காயம் தின்னலாம்" என்பார். மாமிக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சுவீடனில் வெலெமிர் நின்கோவிச் குழு 2013இல், வெங்காயத்தின் ஆவிபட்ட உருளைக்கிழங்குச் செடியின் வாசனையே மாறிப்போவதையும், சிறகு முளைத்த அழுக்கணவன்கள் அதில் இறங்கத் தயங்குவதையும் காட்டியது. வெங்காய நாற்றம் உருளைக்கிழங்கை மறைத்துவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நடந்தது அதைவிட நுட்பமானது, வெங்காயத்தோடு பழகிய உருளைக்கிழங்கு தானே வேறு ஆவிகளை வெளிவிடத் தொடங்கியது. இங்கே யாரையும் யாரும் கடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காயமே இல்லாமல், அயலில் யார் நிற்கிறார்கள் என்பதை வைத்தே செடி தன்னை மாற்றிக்கொள்கிறது. ஆகவே இரண்டு பாத்தியில் மாமியின் சொல்படி வெங்காயம், இரண்டு பாத்தியில் இல்லாமல் என்று விட்டிருக்கிறோம். வித்தியாசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாமி வென்றதாகத்தான் அறிவிப்பார், வெங்காயம் எப்படியும் கையில் இருக்கும்.

நெருக்கி நட்டால் நெடி நன்றாகப் போகுமே, ஏன் நெருக்கக்கூடாது என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, பதில் சோளத்திலிருந்து வருகிறது. 2025இல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அடர்த்தியாக நட்ட சோளத்தில் இலைகள் வெளிவிடும் லினலூல் என்ற மணப்பொருள் கூடுவதையும், அது அயல் சோளத்தின் வேரைத் தூண்டி மண்ணுக்குள் தற்காப்புப் பொருட்களைக் கசியவைப்பதையும், அதனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மாறிப் பயிர் பூச்சிக்கும் நோய்க்கும் தாக்குப்பிடிப்பதையும் காட்டினார்கள். கொத்தமல்லி விதையின் மணமும் லினலூல்தான். ஆனால் அதற்கு விலை உண்டு, பயிரின் வளர்ச்சி குறைகிறது. எப்போதும் விழித்திருக்கும் செடிக்குக் காய்க்க நேரம் இல்லை. 2018இல் சேனாப் படைப்புழு வந்து சோளச் சேனைகளை அழித்த நாட்களை மறக்காதவர்கள் அந்த விலையைக் கொடுக்கலாம் என்பார்கள். தக்காளி செய்பவள் கொடுக்க மாட்டாள். நெருக்கினால் காற்றோட்டம் போய், இலைக் கருகல் முதலில் வந்து நிற்கும்.

ஆபிரிக்காவில் கென்யாவின் சோளத் தோட்டங்களில் டெஸ்மோடியம் என்ற அவரைக் குடும்பச் செடியை நடுவிலும் நேப்பியர் புல்லைச் சுற்றிலும் நட்டுத் தண்டு துளைப்பானைக் குறைக்கும் முறை பிரபலம். சேயூர் கானும் ஜோன் பிக்கெட்டும் 1990களில் வளர்த்தெடுத்தது. டெஸ்மோடியம் நெடியால் விரட்டுகிறதா, வேறு வழியில் மறிக்கிறதா என்று இப்போது விவாதம் நடக்கிறது. விவாதம் முடியும்வரை அங்கே விவசாயிகள் காத்திருக்கவில்லை. எங்கள் நேப்பியர் புல்லை மாட்டுக்காரர் கேட்டு வாங்கிப்போய்விடுகிறார்.

கடைசியாக, இந்தப் போகத்தில் என் உண்மையான பிரச்சினை. எங்கள் வேலிக்கு மேற்கே இருக்கும் தோட்டத்து அண்ணன் அறுவடை முடிந்த தக்காளியைப் பிடுங்காமல் விட்டிருக்கிறார். ஆடு மேயட்டும் என்று வைத்திருக்கிறார், ஆடு அதைத் தொடுவதில்லை. சுருண்ட இலைகளுடன் நிற்கும் அந்தச் செடிகளில் வெள்ளை ஈ குடித்தனம் நடத்துகிறது. கச்சான் மேற்கிலிருந்து வரும், வந்தால் ஈ எங்கள் பக்கம் வரும். நெடி வேலியைத் தாண்டி எட்டாது, அவ்வளவு தூரம் போகாது என்று மேலே சொல்லிவிட்டேன். ஈக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வந்த ஈ எங்கள் முதல் வரிசையில் இறங்கினால் அங்கிருந்து அடுத்தடுத்த செடியைப் பதப்படுத்தும் வேலையை நெடி பார்த்துக்கொள்ளும்.

மிர்சின், கரியோஃபிலின் என்று அவரிடம் விளக்கப் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தங்கச்சி, செடி பிடுங்க ஆள் கூலி யார் கொடுப்பது?" என்றார். பேரம் பேசி முடித்திருக்கிறோம். அவர் செடிகளைப் பிடுங்கிக் குழியில் போட்டு எரிக்கிறார், நான் அவருக்கு அடுத்த போகத்துக்கு வலைக்குள் வளர்த்த திலின இனத் தக்காளி நாற்று ஒரு மேடை கொடுக்கிறேன். ஞாயிறு காலை கடற்காற்று எழும்புமுன் பிடுங்க வேண்டும், ஈ குளிரில் மந்தமாக இருக்கும்போதே என்று சொல்லியிருக்கிறேன். அவர் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வருவாராம்.